கோழி மட்டுந்தானுங்க

வேட்டைக்காரன்புதூரில் அந்த மாசியில்
ஏக்கர் கணக்காக அறுத்தோம்.
வேர்வாடல் தின்ற தென்னை.
கொண்டை போய், கம்பம் மட்டும் நின்ற தோப்பு,
பந்தல் போட வந்தவன் காலை நட்டுவிட்டு
விசேஷத்தை மறந்து போன மாதிரி.

மரத்துக்கு முந்நூறு எனக்கு.
சூளைக்காரருக்கு விறகு.
கிளிக்கு அது வீடு என்பதை
மரம் விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

மெஷின் சத்தத்தில் தாய்க்கிளி கத்தியது கேட்கவில்லை.
தரையில் மோதிப் பிளந்த பொந்திலிருந்து
புகை ஒன்று எழும்பியது.
புகையில்லை.
எத்தனையோ வருசத்து எச்சம், இறகு, மரத்தூள்
காய்ந்து காய்ந்து மாவாய்ப் போனது.
மாசாணிமுத்து அதற்குள் தலையை விட்டான்.
"அண்ணா, மூணு உசுரு கெடக்குது."

கண் திறக்காத குஞ்சுகள்.
லுங்கியில் முடிந்துகொண்டான்.
மக மிதுனா ரொம்ப நாளாக் கேக்குறா, என்றான்.
பொட்டுக்கடலையைத் தானே மென்று
உதட்டில் வைத்து ஊட்டினானாம்.
அலகு உதட்டைக் குத்தினால் சிரிப்பானாம்.

பத்தாம் நாள் காய்ச்சல்.
தலைக்குள்ள யாரோ மரம் அறுக்கிறாங்கண்ணா, என்றான்.
எங்களுக்கு அதைவிட நெருக்கமான உவமை கிடையாது.
வறட்டு இருமல்.
பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள்.
கொரோனா இல்லை. டிபி இல்லை.
போட்ட ஊசி எதுவும் ஏறினதாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா ஷாஹிதா கட்டில் ஓரம் நின்று கேட்டார்:
வீட்டில் கிளி, புறா, எதாவது வளர்க்கிறீங்களா?

அவன் என்னைப் பார்த்தான்.
சேத்துமடைச் சோதனைச்சாவடியில்
போன வருசம் கிளிக்கூண்டோடு மாட்டினவன்
பைக்கை விற்று அபராதம் கட்டினது
எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.
அவனுக்குப் பேச மூச்சில்லை.
நான்தான் சொன்னேன்:
"கோழி மட்டுந்தானுங்க."

எவ்வளவு சுளுவாக வந்தது அந்த வார்த்தை.
டாக்டரம்மா சீட்டில் கோழி என்று எழுதினார்.
ஒரு ராத்திரி.
இன்னொரு ராத்திரி.
ஆக்சிஜன் குடுவையில் தண்ணி கொப்பளிப்பதை
எண்ணிக்கொண்டே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.
சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எழுந்து
மூன்று தடவையும் டீக்கடைக்குப் போனேன்.

காலையில் கவுசல்யா வந்தாள்.
தூக்குப்போசிப் பையிலிருந்து
ரொட்டிக் கவர் ஒன்றை எடுத்து
டாக்டரம்மா மேசை மேல் வைத்தாள்.
உள்ளே ஒரு குஞ்சு.
கண் ரெண்டும் பீளை கட்டி ஒட்டியிருந்தது.
இறகு அப்பத்தான் பச்சை கண்டிருந்தது.
"எவ்வளவு அபராதமோ போட்டுக்கங்க.
ஆளை மட்டும் குடுத்துருங்க."

டாக்டரம்மா சட்டென்று பின்னால் நகர்ந்தார்.
மாஸ்க்கை ஏற்றினார்.
கவரைக் கட்டச் சொன்னார்.
யாருக்கும் போன் போடவில்லை.
என்னை ஒரே ஒருதரம் பார்த்தார்.
சளி மாதிரி சென்னைக்குப் போனது,
முடிவு வரும்வரை காத்திருக்காமல்
மருந்தை மாற்றினார்.
மூன்றாம் நாள் மாசாணிமுத்து
ரசஞ்சோறு கேட்டான்.

எனக்கு ஒன்றும் வரவில்லை.
மரத்தூளுக்குப் பயந்து
மூக்கில் துண்டு கட்டியிருந்தேன்.
அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது
ஒரு ஈரோட்டுத் துண்டு,
அவ்வளவுதான்.

மண்ணுக்குள் வேரில் ஆரம்பித்தது
மரத்தைத் தின்று முடித்தது.
செத்த மரத்தில் கிளி குடியேறியது.
கிளிக்குள் வேறொன்று
சத்தமில்லாமல் குடியிருந்தது.
கதவை உடைத்தது நான்.

இப்போது அறுப்பதற்கு முன்னால்
அரிவாள் முதுகால் கம்பத்தைத் தட்டுகிறேன்.
பறவை எழும்பினால்
பொந்துள்ள மரத்தை விட்டுவைப்பேன்,
குஞ்சு பறக்கிற வரை.
எப்போதும் இல்லை.
சூளை லாரி வந்து ஆரன் அடித்தால்
பொந்துக்குத் தண்ணி ஊற்றி
துண்டை இறுக்கிக் கட்டி
அறுத்துத்தான் போடுகிறேன்.

நேற்று அந்தத் தோப்பு வழியாகப் போனேன்.
வெறும் வெட்டவெளி.
முப்பதடி உயரத்தில்
ஒன்றுமேயில்லாத ஓர் இடத்தை
ரெண்டு கிளிகள்
சுற்றிச் சுற்றி வந்து
கத்திக்கொண்டிருந்தன.
மெஷின் ஓடவில்லை.
நன்றாகக் கேட்டது.